கொண்டல் இல்லாத மழைப்பாடம்

நாகப்பட்டினத்தில் ஏழாம் வகுப்புப் பயிலும் உறவுக்காரச் சிறுமி ஒருத்தி, தான் வரைந்த நீர்ச்சுழற்சிப் படத்தை அண்மையில் நம்மிடம் காட்டினாள். இடப்புறம் கடல், மேலே சூரியன், வலப்புறம் மலை, மலையுச்சியில் மழை. அம்புக்குறிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. "எங்க ஊர்ல மலையே இல்லையே மாமா, அப்புறம் மழை எப்படிப் பெய்யுது?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானது. அந்தப் படம் காட்டுவது தென்மேற்குப் பருவமழையை. ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, மேலைச் சரிவில் பொழிகிறது. மலைக்கு இப்பால் இருப்பது மழை மறைவுப் பகுதி. நாகைக்கு மழை வருவதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக் கடலிலிருந்து. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இம்மாதங்களில் பெய்வது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியை நோக்கி நாற்புறமிருந்தும் திரளும் காற்றுக்கு மேலே எழுவதைத் தவிர வேறு வழியில்லை. எழும் காற்று அழுத்தம் குறைய விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, அதிலுள்ள ஆவி துளிகளாகிறது. காற்று மேலேற மலை ஓர் ஏணி, அவ்வளவே. 2018 நவம்பரில் கஜா புயல் இக்கரையில் ஏறியபோது அந்த ஏணி தேவைப்படவில்லை.

பாடத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. மேகம் என்றால் நீராவி என்றே பிள்ளைகள் எழுதுகிறார்கள். நீராவி கண்ணுக்குப் புலப்படாது. மேகமாக நாம் காண்பது, மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவேயான நீர்த்துளிகளை. மிக உயரத்தில் பனித்துகள்களை. தூசியோ கடலுப்போ ஏதேனும் ஒரு துகளைப் பற்றிக்கொண்டே அத்துளி பிறக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக அத்தகைய துளிகள் பத்து லட்சம் சேர வேண்டும். இந்த அதிசயத்திற்குப் பாடநூல்களில் வழங்கும் பெயர் 'சுருங்குதல்'. துணி துவைத்தால் சுருங்குவதை அறிந்த பிள்ளைக்கு இச்சொல் எதை உணர்த்தும்? தமிழாசிரியர்களாகிய நம்மையும் கேட்டுக் கலைச்சொல் ஆக்கியிருக்கலாம். கேட்டிருந்தால் நாம் இதைவிடக் கடினமான ஒன்றைத் தந்திருப்போம் என்பதும் உண்மைதான்.

சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 'கொள்' என்ற வினையடியில் பிறந்தது கொண்டல். நீரை முகந்துகொண்டது என்பது பொருள். அதே சொல் கீழ்க்காற்றையும் குறிக்கும். மேகத்திற்கும் அதைக் கொணரும் காற்றுக்கும் ஒரே பெயர் இட்டவர்கள், மழை கிழக்கிலிருந்து வரக் கண்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். நாகைக்கு வடக்கே இதே கரையில் இருந்த புகாரைப் பாடும் பட்டினப்பாலையில், கடலிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கடலுக்கும் மாறிச் செல்லும் சரக்குகளுக்கு உவமையாக வருவது, முகில் முகந்த நீர் மலையில் பொழிந்து மீண்டும் கடல் சேர்வதே. இதை வைத்துக்கொண்டு வளிமண்டல அறிவியல் முழுவதும் சங்கப் புலவர்க்குத் தெரியும் என மேடையில் முழங்குவோரிடம் நமக்கு உடன்பாடில்லை. ஆவி ஏன் துளியாகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. சுழற்சியைக் கண்டார்கள்; அக்காட்சியில் பாடத்தைத் தொடங்கலாமே என்பதுதான் நம் வாதம்.

மலையை அழித்துவிட்டு, கடலிலிருந்து கரைநோக்கி ஓர் அம்புக்குறி இட்டு, 'கொண்டல்' என்று எழுதச் சொன்னோம். எழுதினாள். பிறகு, மதிப்பெண் போய்விடுமே என்று, பள்ளிக்குக் கொண்டுசெல்ல மலையோடு இன்னொரு படமும் வரைந்துகொண்டாள்.