டானிக் குடித்தால் கெட்டா போகும்?

“வெளுத்துப்போய்ட்டியே, ரத்தம் ஊற டானிக் வாங்கிக் குடி. நல்லதுதானே, கெட்டா போகும்?” நம் வீடுகளில் இந்த வைத்தியத்துக்குச் சீட்டே தேவையில்லை. கெடும் என்பதுதான் என் கட்சி.

அந்த டானிக்கில் இருப்பது இரும்பு. மிஞ்சிய உப்பைச் சிறுநீரகம் கழித்துவிடும். இரும்பைக் கழிக்க உடம்பில் வழி கிடையாது. உதிரும் செல்களோடு நாளுக்கு 1, 2 மில்லிகிராம் போகும், அவ்வளவே. ஆகவே குடல்தான் காவல். அந்தக் காவலைத் தளர்த்தும் மரபணுக் கோளாறு, அயர்லாந்தில் ஏறக்குறைய 83 பேரில் ஒருவருக்குத் தாய் தந்தை இருவழியிலும் வந்திருக்கிறது. எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை. முற்றினால், 3, 4 கிராம் இரும்பு இருக்க வேண்டிய உடம்பில் 20 கிராம்கூடச் சேரும். கல்லீரல் தழும்பேறும், கணையம் கெட்டுச் சர்க்கரை வரும், ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் வலிக்கும். இத்தனைக்கும் முன்னால் பலருக்கு வருவது சோர்வு. ஆம், டானிக் வாங்க ஓடவைக்கும் அதே சோர்வு!

வைத்தியமோ ரத்தம் எடுப்பது. ஒரு தடவைக்கு அரை லிட்டர்போல, தொடக்கத்தில் வாராவாரம். ஒவ்வொரு முறையும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு குறையும். நம் பாட்டிமார் பார்த்தால், இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சுகிறார்களே என்று சண்டைக்குப் போவார்கள்.

வெள்ளைக்காரர் வியாதி நமக்கெதற்கு என்பீர்கள். அந்தக் கோளாறு இங்கே அரிதுதான். ஆனால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருக்கிறது. அதன் மரபணுவை ஒருவழியில் மட்டும் பெற்றவருக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாக, சிவப்பணுக்கள் சிறுத்து இருக்கும்; மேலோட்டமான பரிசோதனையில் இரும்புக் குறைபாடு போலவே தெரியும். இரும்பு குறையாத நிலையில் டானிக்கால் ஹீமோகுளோபின் ஏறாது. ஏறவில்லை என்றதும் என்ன செய்கிறோம்? கம்பெனியை மாற்றுகிறோம்! இடைநிலைத் தலசீமியா உள்ளவர் பாடு இன்னும் மோசம். ரத்தமே ஏற்றாவிட்டாலும் அவர் குடல் இரும்பை அள்ளி அள்ளி உள்ளே விடும். ஏற்கெனவே சோகை என்பதால் ரத்தம் எடுத்துக் கழிக்கவும் பெரும்பாலும் முடியாது. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துதான் கதி.

தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குத் தரும் மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். முருங்கைக்கீரை மேலும் எனக்கு வழக்கில்லை. ஐம்பது வயது ஆண் வருஷக்கணக்கில் தானாக இரும்பு டானிக் குடிக்கிறாரே, அவரைத்தான் கேட்கிறேன். உண்மையிலேயே இரும்பு குறைந்திருந்தால், ரத்தம் எங்கே கசிகிறது? வயிற்றுப் புண்ணா, குடல் புற்றா? குறையவில்லை என்றால் அந்தப் புட்டி எதற்கு? உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கும் தெரிய ஒரு குழாய் ரத்தம் போதும். மருந்துக்கடைக்காரர் அதைக் கேட்க மாட்டார். சீட்டில்லாமல் போய் நின்றவர்கள் நாம்தானே?