வழுவழுப்பின் மகிமை

விராலைக் கழுவிய கைகளுக்கு ஒரு விஷயம் தெரியும். உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் அதன் வழுவழுப்பு இலேசில் போவதில்லை. (மீனைத் தீண்டாத நேயர்கள் பொறுத்தருள்க!) நாம் அருவருக்கும் அந்தக் கோழைதான் மீனுக்குக் கோட்டை மதில். மனிதருடைய மூக்கு நீரிலும் கண்ணீரிலும் உண்டென்று 1922-ல் அலெக்ஸாண்டர் பிளெமிங் வெளியிட்டாரே, அந்த 'லைஸோஸைம்' என்னும் கிருமிநாசினி மீனின் கோழையிலும் இருக்கிறது. அன்றியும், கோழை ஊறுவதும் கழல்வதுமாகவே இருப்பதால், ஒட்டிய கிருமிகள் ஜலத்தோடு போய்விடுகின்றன.

மதில் இடிந்தால் என்ன நேரும்? 1988-ல் நம் தேசத்தின் வடகிழக்கில் புகுந்து, பிறகு பல பகுதிகளுக்கும் பரவிய மீன் புண்நோயே சாட்சி. 'அபனோமைஸிஸ்' என்னும் பூஞ்சை போன்ற உயிர், சிராய்ந்த தோலில் ஒட்டிச் சதையைத் துளைத்துச் செல்கிறது. விரால் முதலியவை குழிப்புண்களோடு மிதந்தன. மனிதரை அந்நோய் தொற்றுவதில்லை. ஆயினும் ஜனங்கள் மீன் வாங்க அஞ்சினார்கள். போனது செம்படவனுடைய பிழைப்பு.

இதில் ஒரு விந்தை. பெரும்பாலும் கனமழைக்குப் பின், குளிர்காலத்தில்தான் இந்நோய் தலைகாட்டுகிறது. ஜலத்தின் சூடே மீனின் சரீரச் சூடு. ஜலம் குளிர்ந்தால் ரத்தத்திலுள்ள காவற்படையும் சோம்பிவிடுகிறது. பகைவனுக்கோ அக்குளிரே சௌகரியம்! அப்படியும் சாதாக்கெண்டை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதன் காவலர்கள் விரைந்து பகைவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள்.

நோய் கண்டதும் ஆன்டிபயாடிக் மருந்துகளைக் குளத்தில் வாரியிறைப்பவர்களைக் கண்டால் நமக்குக் கோபமே வருகிறது. புண்ணில் பின்னால் குடியேறும் பாக்டீரியாவை அவை கொல்லலாம். மூலப் பகைவனைத் தொடுவதில்லை. தப்பிய பாக்டீரியா மருந்துக்கு மசியாத சந்ததியாகப் பெருகும். நம் குழந்தைகளின் உயிரும் ஒருநாள் அம்மருந்துகளையே நம்பி நிற்கக்கூடும் அல்லவா? நார்வே தேசத்தார் 1987-ல் தங்கள் மீன்களுக்குச் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வேறு நோய்களுக்குத் தடுப்பூசி கண்டபின், ஸால்மன் வளர்ப்பு பன்மடங்கு பெருகியும், அது ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. மீனின் சொந்தப் படைக்கே முன்கூட்டிப் பயிற்சி அளித்ததன் பலன் இது.

நம் புண்நோய்க்கு அத்தகைய ஊசி வழக்கத்தில் இல்லை. புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவிலுள்ள மத்திய ஸ்தாபனத்தார் 'சிஃபாக்ஸ்' என்றொரு மருந்து கண்டிருக்கிறார்கள். சுண்ணாம்போ எல்லோருக்கும் கிட்டக்கூடியது. ஜலத்தின் புளிப்பைத் தணிக்கும். குளம் வைத்திருக்கும் அன்பர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே ஜலத்தைச் சோதித்து, வேண்டிய சுண்ணாம்பைச் சேகரிக்கட்டும். குளிர் விடும்வரை அவசியமின்றி வலை வீசி, மீனின் மேனியைச் சிராய்க்காதிருக்கட்டும்.