மரம் நட்டால் பூமி குளிருமா? எங்கே நடுகிறோம் என்பதில்தான் இருக்கு விஷயம்!

மரம் வளர்த்தால் பூமி குளிரும் என்பது பொதுவான நம்பிக்கை. பெரும்பாலான இடங்களில் அது சரிதான். ஆனால், பொருந்தாத இடத்தில் நட்டால் அதே மரம் பூமியைச் சூடாக்கவும் செய்யும். அதெப்படி?

ஆல்பிடோ என்றால் என்ன?

வெயிலில் கறுப்புச் சட்டை போட்டால் சுள்ளென்று சுடும்; வெள்ளைச் சட்டையில் அவ்வளவாகத் தெரியாது. நிலமும் அப்படித்தான். விழும் சூரிய ஒளியில் எவ்வளவு பங்கை ஒரு பரப்பு திருப்பி அனுப்புகிறது என்பதே ஆல்பிடோ. புதிதாக விழுந்த பனி 80 சதவீதத்துக்கு மேல் திருப்பிவிடும். அடர்ந்த ஊசியிலைக் காடு ஏறக்குறைய 10 சதவீதம்தான், மீதியை உறிஞ்சிக்கொள்ளும்.

வரவும் செலவும்

மரம் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வது வரவு. நிலம் இருண்டு வெப்பத்தை வாங்குவது செலவு. கனடா, ரஷ்யா போன்ற நாடுகளின் பனிப் பகுதிகளில் காடு வளர்த்தால், கார்பன் லாபத்தை இந்தச் செலவே விழுங்கிவிடலாம் என்று 2000-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார் பிரிட்டன் விஞ்ஞானி ரிச்சர்ட் பெட்ஸ்.

வறண்ட நிலத்திலும் இதே சிக்கல். இஸ்ரேலின் நெகேவ் பாலைவன ஓரத்தில் 1960-களில் நடப்பட்ட யாதிர் பைன் காடு, குறைந்த மழையிலும் நன்றாகவே கார்பனை இழுக்கிறது. ஆனால், வெளிர்மண்ணை மூடியதால் கூடிய வெப்பத்தை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று 2010-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு சொன்னது.

அமேசான், காங்கோ போன்ற வெப்பமண்டலக் காடுகளின் கதை வேறு. அங்கே மரங்கள் ஆண்டு முழுக்க வளர்கின்றன. இலைகள் விடும் நீராவி காற்றைக் குளிர்விக்கிறது. மேகமாகி ஒளியையும் திருப்புகிறது. வரவுதான் அதிகம்.

அதுக்காக வடக்கே காட்டை வெட்டலாமா?

கூடாது. அங்குள்ள மண்ணில் ஏராளமான கார்பன் புதைந்திருக்கிறது. உயிரினங்களின் வாழிடமும் அதுதான். இந்த ஆய்வுகள் எழுப்பும் கேள்வி, புதிதாக எங்கே நடுவது என்பதுதான்.

பணம் எங்கே போகிறது?

நிறுவனங்கள் தங்கள் புகைக்கு ஈடாக மரம் நடும் திட்டங்களில் கார்பன் கிரெடிட் வாங்குகின்றன. அதில் பெரும்பாலும் கார்பன் மட்டுமே கணக்கு, ஆல்பிடோ வருவதில்லை. நடைமுறையில் உள்ள திட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், ஆல்பிடோவால் குறைந்தது 20 சதவீதப் பலன் கழிந்துவிடும் என்கிறது 2024-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' வெளியிட்ட ஆய்வு. அதாவது, காகிதத்தில் ஈடுகட்டியதாகக் காட்டப்படும் புகையில் ஒரு பங்கு உண்மையில் ஈடாகவில்லை. அதைக் கழித்துவிட்டுக் கிரெடிட் கொடுத்தால், பலன் அதிகமுள்ள நிலங்களுக்குப் பணம் போய்ச் சேரும்.