வரிக்குப் பயம், சேமலாபத்துக்கு மறதி



தெஹியோவிட்ட சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, இறப்பர் மரங்களுக்கு ஊடாக அரைமணி நேரம் ஏறினால் நான் மாதம் இருமுறை போகும் லயம் வரும். அங்கே ஓர் அக்கா இருக்கிறார். பதினான்கு வருடம் தோட்டத்தில் பால் வெட்டியவர். பிறகு ஜோர்தானில் ஆடைத் தொழிற்சாலையில் எட்டு வருடம் தையல் வேலை செய்துவிட்டு வந்தவர். இவருடைய மூத்த சகோதரி குடும்பம் 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியது. 2009 இல் அந்தச் சகோதரி கணவரை இழந்தார். இப்போது அவருடைய மகள் குவைத்தில் பணிப்பெண்ணாக இருந்து அனுப்பும் பணத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. மலையில் ஒரு பாதியும் வன்னியில் ஒரு பாதியுமாக வாழும் இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

சென்ற மாதம் போனபோது அந்த அக்கா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ், நான் பேங்க்குல போட்டிருந்த எட்டு லட்சத்தையும் எடுத்துட்டேன். கவுருமெண்டு வெளிநாட்டுக் காசுக்கெல்லாம் வரி போடப்போவுதாம். பத்து வீதம் வெட்டுறாங்கனு பேங்க்குலயும் சொன்னாங்க. எட்டு லட்சத்துல பத்து வீதம்னா எம்பதாயிரமாச்சே!”

எனக்குத் திக்கென்றது. அந்த நிலையான வைப்பு முதிர்வதற்கு ஒரு மாதமே இருந்தது. முன்கூட்டி உடைத்ததால் வட்டியில் பெரும் பகுதி போய்விட்டது. எடுத்த காசு அலுமாரியில் இருந்தது. வீட்டில் காசு இருக்கிறது என்று தெரிந்தால் கேட்க ஆள் வராமல் இருப்பார்களா? மூன்று லட்சம் தம்பியின் முச்சக்கர வண்டிக்குப் போய்விட்டது. “தம்பிகிட்ட எப்புடி மிஸ் திருப்பிக் கேக்குறது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இதில் என் தவறும் உண்டு. ஒரு வருடத்துக்கு முன் இதே அக்கா வரியைப் பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் பெரிய ஆட்களுக்கு அக்கா, நமக்கில்லை” என்று சிரித்துவிட்டு வந்தவள் நான். சமூகவியல் படித்தவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வரி கட்டத் தேவையில்லாதவர்தான், ஏன் தேவையில்லை என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பயம் வரும். பயம் வந்தால் நட்டம் வரும். அன்று நான் சொல்லாமல் விட்டதை இம்மாதம் உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளையோ கணவரோ வெளிநாட்டிலிருந்து குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணம் உங்கள் வருமானம் அல்ல. அதற்கு நீங்கள் வருமான வரி கட்டுவதில்லை.

இரண்டாவது, வெளிநாட்டில் உழைக்கும் பெண்ணின் சம்பளம். நமது நாட்டின் வரி வருடம் ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். அந்த வருடத்தில் 183 நாட்களோ அதற்கு மேலோ இலங்கையில் தங்கியிருப்பவரையே சட்டம் பொதுவாக இங்கு வதிபவர் என்று கொள்கிறது. வருடம் முழுவதும் குவைத்தில் நிற்கும் பெண் வதிபவர் அல்லர். அவர் அங்கே உழைக்கும் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. குவைத், சவூதி அரேபியா, கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளும் சம்பளத்துக்கு வருமான வரி அறவிடுவதில்லை. ஓமான் 2028 இலிருந்து வருமான வரி கொண்டுவருவதாக 2025 இல் சட்டம் செய்தது. ஆனால் அது வருடம் 42,000 ரியாலுக்கு மேல் உழைப்பவர்களுக்கே. வீட்டுவேலைக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் அந்தத் தொகை எட்டாது. ஜோர்தானில் வருமான வரி உண்டு. ஆனாலும் தனியாள் ஒருவருக்கு வருடம் 9,000 தினார், அதாவது மாதம் 750 தினார் வரை விலக்கு இருக்கிறது. தையல் மெஷினில் இருப்பவரின் சம்பளம் அதற்கு எவ்வளவோ கீழே.

மூன்றாவது, இலங்கையில் உழைப்பவர் பற்றியது. 2025 ஏப்ரல் முதல் வருடம் 18 லட்சம் ரூபா வரை, அதாவது மாதம் 150,000 ரூபா வரை வருமானம் உள்ளவருக்கு வருமான வரி இல்லை. அதற்கு முன், 2023 இலிருந்து, இந்த எல்லை வருடம் 12 லட்சமாக இருந்தது.

அப்படியானால் வங்கி சொன்ன பத்து வீதம் என்ன? அது நிலையான வைப்பு, சேமிப்பு ஆகியவற்றின் வட்டியில் பிடிக்கும் நிறுத்திவைத்தல் வரி. 5 வீதமாக இருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதமானது. அக்கா பயந்ததுபோல முதலில் யாரும் கை வைப்பதில்லை. எட்டு லட்சத்துக்கு வருடம் 8 வீத வட்டி என்று வைத்தால் வட்டி 64,000 ரூபா. அதில் பத்து வீதம் 6,400 ரூபா. எண்பதாயிரம் அல்ல.

அந்த 6,400 ரூபாவையும் காப்பாற்ற வழி இருக்கிறது. வருட வருமானம் 18 லட்சத்துக்கு உட்பட்டவர் அதைச் சொல்லி வங்கியில் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால், வட்டியில் வரி பிடிக்காமல் விடுவார்கள். ஒவ்வொரு வரி வருடத்துக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். அதற்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் தேவை. ஏற்கெனவே பிடித்துவிட்டால், இறைவரித் திணைக்களத்துக்கு வருமான விவரத்திரட்டு கொடுத்துத் திருப்பிக் கேட்கலாம்.

இந்த இலக்கத்தைப் பற்றியும் வீண் பயம் உண்டு. “நம்பர் எடுத்தா வரி கட்டணும்” என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அடையாள அட்டை இலக்கம்போல இதுவும் ஓர் இலக்கம், அவ்வளவுதான். எல்லைக்குக் கீழே இருப்பவர் இலக்கம் எடுத்ததால் வரி கட்ட வேண்டி வராது. இதற்குக் கட்டணமும் இல்லை. “ஐயாயிரம் தாங்க, எடுத்துத் தாறேன்” என்று யாராவது வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழையுங்கள்.

சகோதரிகளே, நம்மிடமிருந்து போகும் பணத்தைப் பற்றி இவ்வளவு பயப்படுகிறோம். நமக்கு வரவேண்டிய பணத்தை மட்டும் மறந்துவிடுகிறோம்.

அன்று பேச்சோடு பேச்சாக, “அக்கா, தோட்டத்துல பேர் பதிஞ்சு வேலை செஞ்சீங்களே, சேமலாபக் காசு எடுத்தாச்சா?” என்று கேட்டேன். “அது அங்கனயே கெடக்கு மிஸ். சின்னதொரு காசுதானே” என்றார்.

சின்னக் காசா? 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி சம்பளத்தில் 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் கட்ட வேண்டும். 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் வழங்குநர் மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபா உழைத்தால் நம் கையிலிருந்து 80 ரூபா போகிறது. நம் பெயரில் 230 ரூபா சேர்கிறது. சேமலாப நிதிக்கு வருடாவருடம் வட்டியும் கூடும். வேலையை விட்ட பெண் 50 வயதில் அதைக் கேட்டுப் பெறலாம். ஆணுக்கு 55 வயது. திருமணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு அதற்கு முன்னரே பெறவும் இடமிருக்கிறது. உறுப்பினர் இறந்துவிட்டால் அவர் நியமித்தவருக்கோ சட்டப்படியான உரிமையாளருக்கோ பணம் சேரும். போரில் கணவரை இழந்த சகோதரிகளே, உங்கள் கணவர் எப்போதாவது கம்பனியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடையிலோ சம்பளத்துக்கு வேலை செய்திருந்தால், அவர் பெயரில் நிதி இருக்கிறதா என்று ஒருமுறை தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நம் அக்காவுக்கு இப்போது 52 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பே எடுத்திருக்கலாம். தோட்டத்துப் பதிவில் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருக்கிறது. தோட்டப் பகுதியில் இது பெரிய தலையிடி. கந்தோரில் எழுதியவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, தோட்டக் கந்தோரின் கடிதமும் எடுத்து, விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அலுவலகத்தில் சிங்களப் படிவத்தை நீட்டினார்கள். தமிழ்ப் படிவம் கேட்டோம். கொஞ்சம் தேடினார்கள், கிடைத்தது. கேட்பது நம் உரிமை.

இதேபோல ஜோர்தானிலும் அக்காவின் பங்கு இருக்கிறது. அங்கே தொழிற்சாலையில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்களும் சமூகப் பாதுகாப்பு நிதியில் சேர்க்கப்படுகிறார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் 7.5 வீதம் பிடிக்கிறார்கள். தொழிற்சாலை 14.25 வீதம் கட்டுகிறது. நாட்டை விட்டு ஒரேயடியாகப் போகும் வெளிநாட்டவர் மொத்தமாக ஒரு தொகை கேட்டுப் பெற வழி இருக்கிறது. அக்காவிடம் பழைய சம்பளத் துண்டுகளைக் காட்டச் சொன்னேன். பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தார். மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். “இது மெடிக்கலுக்குனு நெனச்சேன் மிஸ்” என்றார். புறப்படும் முன் அங்கேயே கேட்டிருந்தால் சுலபம். இங்கிருந்துகொண்டு முயல்வது கடினம். ஆனாலும் எழுதிப் பார்க்கிறோம்.

வீட்டுவேலைக்குப் போகிறவர்களுக்கு வளைகுடா நாடுகளில் இத்தகைய நிதி இல்லை. ஆனால் குவைத்தின் 2015 ஆம் ஆண்டு வீட்டுவேலையாட்கள் சட்டம், ஒப்பந்தம் முடியும்போது வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆறு வருடம் உழைத்த பெண் ஆறு மாதச் சம்பளத்தைக் கேட்காமலே விமானம் ஏறினால் அது யாருக்கு இலாபம்? வவுனியாவில் இருக்கும் அக்காவின் சகோதரிக்கு அன்றே தொலைபேசி எடுத்து, மகளிடம் இதைச் சொல்லச் சொன்னோம்.

வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பியிருப்பவர்களும் அனுப்ப இருப்பவர்களும் இவற்றைச் செய்து வையுங்கள்:

ஒப்பந்தம், கடவுச்சீட்டு, அங்கத்தைய அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் இருக்கட்டும். சம்பளத் துண்டை வீசாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதில் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தே போகட்டும். பதிந்தால் காப்புறுதி உண்டு, முறைப்பாடு செய்ய இடமும் உண்டு. பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. திரும்பி வரும் மாதம் தெரிந்தவுடன், வரவேண்டிய பணம் என்னென்ன என்று கேட்கச் சொல்லுங்கள். இங்கே கோழி வளர்ப்பு, தையல் என்று சுயதொழில் செய்பவர்கள் பிரதேச செயலகத்தில் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். வீட்டில் உழைத்தாலும் வயோதிபம் வரத்தானே செய்யும்.

போன கிழமை மறுபடி மலையேறினேன். அக்கா மீதி ஐந்து லட்சத்தைத் திரும்ப வங்கியில் போட்டிருந்தார். இலக்கமும் எடுத்தாயிற்று, சுயபிரகடனமும் கொடுத்தாயிற்று. தம்பி மாதம் பத்தாயிரமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். முதல் மாதம் தந்திருக்கிறார். இரண்டாம் மாதத்தை அக்கா எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும்தான்.

வரும்போது அந்த பிஸ்கட் டின்னைக் காட்டினார். சம்பளத் துண்டுகளை வருடவாரியாக நூலில் கட்டி வைத்திருந்தார். “இப்ப தெரியுது மிஸ், இதுவும் காசுதான்” என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கும். இன்றே திறந்து பாருங்கள். புரியாத கடதாசி இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.