வாயசைத்தவரும் பாடியவரும்

மிலி வனிலி என்ற பெயரைக் கேட்டதும் சிரிக்கும் இசை ரசிகர்கள் உண்டு. அச்சிரிப்பில் கலந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

1989 ஜூலையில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து பிரிஸ்டல் நகரில், ஒரு கேளிக்கைப் பூங்காவில் அவர்களது மேடை நிகழ்ச்சி. ராப் பிலாட்டஸ், ஃபேப் மோர்வன் என்ற இரு இளைஞர்களும் ஆடிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஓடிய ஒலிப்பதிவு சிக்கிக்கொண்டது. பாடல் 'கேர்ள் யூ நோ இட்ஸ் ட்ரூ'. பல்லவியின் கடைசிச் சொல்லுக்குச் சற்று முன்னே பதிவு மீண்டும் மீண்டும் திக்கியது. 'உண்மை' எனப் பொருள்படும் அந்தச் சொல் மட்டும் வரவேயில்லை. (சிறுகதையில் எழுதியிருந்தால் மிகை என்று வெட்டியிருப்போம்.) பிலாட்டஸ் மேடையைவிட்டு ஓடினார். ஆயினும் 1990 பிப்ரவரியில் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருது அவர்களுக்கே கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில், இசைத்தட்டில் ஒலிப்பவை அவர்களுடைய குரல்கள் அல்ல என்று தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியனே அறிவித்தார். விருது பறிக்கப்பட்டது.

தமிழ்த் திரைப்படம் பார்த்து வளர்ந்தவனுக்கு வாயசைப்பு குற்றமாகப் படாது. டி.எம்.சௌந்தரராஜன் பாட, சிவாஜி கணேசன் நடித்ததை எவரும் மோசடி என்றதில்லை. பாடியவரின் பெயரை நாம் அறிவோம். அந்த நேர்மையும் இந்தியத் திரையிசைக்குத் தானாக வந்துவிடவில்லை. 1949-இல் வெளிவந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கான இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. கதாபாத்திரத்தின் பெயரே இருந்தது. மேடையில் பதிவு ஓடுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், நுழைவுச்சீட்டு வாங்கி உட்காருவதில் எனக்கு ஆட்சேபமில்லை. பெயரை மறைப்பதுதான் களவு. இங்கே மறைத்தவர் யார்?

ஃபாரியன் இதில் முன்பே பழகியவர். எழுபதுகளில் அவர் உருவாக்கிய போனி எம் குழுவில் ஆடியவர் பாபி ஃபாரல். பதிவில் ஒலித்த ஆண்குரல் ஃபாரியனுடையது. என் அண்ணன் தேயத் தேயக் கேட்ட ஒலிநாடா அது. எங்கள் வீட்டில் எவருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அண்ணன் நிறுத்தியிருக்கமாட்டார்.

1990-இல் கேலி முழுவதும் மேடையில் நின்ற இருவர் மீதே இறங்கியது. அவர்கள் ஒப்புக்கொண்டு நடித்தவர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் தண்டனையின் அளவைப் பாருங்கள். பிலாட்டஸ் 1998-இல், 32 வயதில், மதுவும் மாத்திரைகளும் சேர்ந்து இறந்துபோனார். ஃபாரியன் 2024 வரை வாழ்ந்தார்.

உண்மையில் பாடிய பிராட் ஹோவெல், ஜான் டேவிஸ், சார்ல்ஸ் ஷா ஆகியோரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? விருதைப் பறிக்கத் தெரிந்தவர்களுக்கு அதைப் பாடியவர்களிடம் கொடுக்கத் தோன்றவில்லை. அவ்வாண்டின் அந்த விருது இன்றுவரை யாருடையதாகவும் இல்லாமல் கிடக்கிறது.