புள்ளி அலங்காரம் அன்று

இலக்கியம் பேசும் இடத்தில் கணினித் திரையின் அமைப்புகளைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். பாடபேதம் என்றால் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அச்சுக்குப் போகும் கடைசி இரவில் நம் கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு மென்பொருளைப் பற்றி இதுநாள்வரை ஒரு வரியும் எழுதியதில்லை. அந்த மௌனத்துக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது நமது துறை ஒரு கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பை அச்சுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தது. பக்க வடிவமைப்பு மென்பொருளும் அதற்குரிய பழைய எழுத்துருக்களும் கல்லூரியின் ஒரே ஒரு கணினியில்தான் இருந்தன. பகலில் தட்டச்சர் அங்கே சென்று திருத்தங்களைச் செய்வார். இரவில் நாம் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியே அதே கணினிக்குள் நுழைந்து பக்கங்களைப் பார்ப்போம். கடைசி நாளில் பொருளடக்கத்தில் ஒரு வரி மாற்றப்பட்டது. பெண் கல்வி பற்றி ஓர் ஆய்வு மாணவி எழுதிய முதல் கட்டுரையின் தலைப்பு அது. அவ்வரியையும் பார்த்தோம்; சரி என்று ஒப்பமிட்டோம். நூல் கைக்கு வந்தபோது 'கல்வி'யில் புள்ளி இல்லை. புள்ளி போனால் அச்சொல் என்ன ஆகும் என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் தன் முதல் கட்டுரை வந்த நூலை வீட்டில் காட்டவில்லை. தட்டச்சரின் கூலியில் பிடித்தம் செய்தார்கள். பிடித்த தொகையைப் பிற்பாடு நாம் கொடுத்தோம். அவர்மேல் விழுந்த பழியைத் திருப்பி வாங்க நம்மால் இயலவில்லை.

பின்னொரு நாள் கல்லூரிக்குச் சென்று அக்கணினியின் முன்னாலேயே அமர்ந்து அக்கோப்பைத் திறந்தோம். புள்ளியின்மை பளிச்சென்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து பழைய இணைப்பு வழியே அதையே திறந்தோம். புள்ளியுள்ள சொல்லும் புள்ளியற்ற சொல்லும் ஒரே கறையாகத் தெரிந்தன. அன்றிரவு கண் காணாததை மனம் இட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறது. பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். ஐயம் எழுந்தால் அல்லவா பெரிதாக்கத் தோன்றும்?

காரணம் இரண்டு. கல்லூரியில் யாரோ சேமித்துக் கொடுத்த இணைப்புக் கோப்பில் திரையளவு 1920×1080 என்று இருந்தது. நம் மடிக்கணினியின் திரையோ 1366×768. பெரியதைச் சிறியதற்குள் அடக்க, 'ஸ்மார்ட் சைசிங்' என்னும் வசதி படம் முழுவதையும் சுருக்கிவிட்டது. 10 பிக்சல் உயரத்தில் நின்ற எழுத்து 7 பிக்சலுக்குள் ஒடுங்கியது. ஒற்றைப் பிக்சலில் நின்ற புள்ளிக்கு அங்கே இடம் ஏது? இரண்டாவது, எழுத்தின் விளிம்புகளைச் சாம்பல் நிழலிட்டுத் தெளிவாக்கும் 'ஃபாண்ட் ஸ்மூத்திங்' அக்கோப்பில் அணைக்கப்பட்டிருந்தது.

நமது முதற் குற்றச்சாட்டு இந்த இரண்டாவதைப் பற்றியது. விண்டோஸின் இணைப்புச் சாளரத்தில் 'எக்ஸ்பீரியன்ஸ்' என்றொரு பக்கம் உண்டு. அலைவரிசை குறைந்தவர்கள் எவற்றையெல்லாம் துறக்கலாம் என்று அங்கே ஒரு பட்டியல். திரைப் பின்னணிப் படம், பட்டிகள் விரியும் அசைவு, சாளரங்களின் ஒப்பனை. இவற்றோடு ஒரே வரிசையில் எழுத்தின் தெளிவும் நிற்கிறது. மோடம் என்னும் வேகத்தைத் தேர்ந்தால் பின்னணிப் படத்தோடு எழுத்தின் தெளிவும் சேர்ந்து வெளியேறும். வாசலில் போட்ட கோலமும் வீட்டைத் தாங்கும் தூணும் ஒரே கணக்கா? தொலை இணைப்பில் எழுத்தைத் தெளிவாகக் காட்டும் வசதியே விஸ்டா, சர்வர் 2008 தலைமுறையில்தான் வந்து சேர்ந்தது. வந்த பிறகும் அதற்குக் கிடைத்த இடம் அலங்காரப் பட்டியலில்தான்.

இப்படி வகுத்தவர்கள் தீயவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் மனத்தில் இருந்த எழுத்து ரோமன் எழுத்து என்கிறோம். ஆங்கில 'ஐ'யின் தலைப்புள்ளி மறைந்தாலும் வாசகன் அதை 'ஐ' என்றே படிப்பான். தமிழில் புள்ளி மறைந்தால் மெய்மேல் அகரம் ஏறிக்கொள்கிறது. வேறொரு சொல் பிறக்கிறது. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழி வேறுபாடு. 'பிடி'யைப் 'பீடி' ஆக்குவது விசிறியின் நுனியில் வளையும் ஒரு சிறு சுழிப்பு. 'கொடு'வும் 'கோடு'ம் கொம்பின் சுழியால் பிரிகின்றன. நம் எழுத்தில் பொருள் குடியிருப்பதெல்லாம் இத்தகைய மிகச் சிறிய இடங்களில். சுருக்கத்தில் முதலில் அழிவதும் அச்சிறிய இடங்களே.

இலக்கிய மாணவர்களுக்கு இது பழகிய துன்பம். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருக்க, ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ரகரமும் காலும் ஒரே வடிவாக நின்றன. கொம்பில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. அதைச் சுழித்துக் காட்டிய சீர்திருத்தத்தை வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரும் அவர் தலைமுறைப் பதிப்பாசிரியர்களும் இது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று ஏடு ஏடாகத் தடவித் தெளிந்தார்கள். அவர்கள் மீட்டுத் தந்த புள்ளியை, ஓலை கிழியும் என்ற காரணம்கூட இல்லாமல், கவனிக்கப்படாத ஒரு கட்டம் அழிக்கிறது என்றால் அதைப் பொறுத்துக்கொள்வது எப்படி?

அலைவரிசை என்னும் வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. 1920×1080 அளவுள்ள திரையில் 20,73,600 பிக்சல்கள். பிக்சலுக்கு 32 பிட் என்றால் சுருக்காத ஒரு காட்சிக்கு ஏறத்தாழ 83 லட்சம் பைட். சுருக்காமல் அனுப்ப முடியாது, உண்மை. ஆனால் எதைச் சுருக்குவது? மெய்ப்புப் பக்கம் ஆடாமல் அசையாமல் நிற்பது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். கறுப்பு எழுத்துக்கு 16 பிட் தரும் 65,536 நிறங்களே மிகை. பின்னணிப் படமும் அசைவுகளும் போகட்டும். சிக்கனம் அங்கே தொடங்கலாம். எழுத்தில் தொடங்க வேண்டியதில்லை.

திரையை வீடியோ போலச் சுருக்கி அனுப்பும் முறைகளிலும் இதே கோணல் இருந்தது. 4:2:0 என்னும் முறையில் ஒளிர்வு ஒவ்வொரு பிக்சலுக்கும் செல்லும். நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். திரைப்படத்தில் இது உறுத்தாது. எழுத்தின் விளிம்பில், அதுவும் வண்ண எழுத்தில், மங்கலாகப் படரும். விண்டோஸ் 10 காலத்தில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 4:4:4 முறையையும் சேர்த்தார்கள். எழுத்து வேறு, படம் வேறு என்பதைப் பொறியாளர்களே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நம்மவர் பக்கம் திரும்புவோம். இதெல்லாம் கணினிப் பிரிவினரின் வேலை, நாம் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கும் தமிழாசிரியர்கள் உண்டு. நாமும் அப்படிக் கேட்டவர்களே. ஓலையின் தன்மையும் எழுத்தாணியின் இயல்பும் அறியாதவர் சுவடிப் பதிப்பில் இறங்கலாமா என்று வகுப்பில் முழங்கிவிட்டு, நாம் படிக்கும் திரையின் இயல்பை மட்டும் அறியமாட்டோம் என்பது எந்த வகை நேர்மை? அந்த அறியாமையின் விலையைப் பேராசிரியர் கொடுப்பதில்லை. நாட்கூலித் தட்டச்சர் கொடுக்கிறார்.

செய்ய வேண்டியவை சிலவே. இணைப்பின் திரையளவு நம் திரையளவோடு ஒத்திருக்கட்டும். மெய்ப்புப் பார்க்கையில் ஸ்மார்ட் சைசிங் வேண்டாம். பின்னணியும் அசைவும் போகட்டும். ஃபாண்ட் ஸ்மூத்திங்கின் கட்டத்தில் குறி விழட்டும். சேமித்த இணைப்புக் கோப்பில் அது ஒரே வரி. 0 இருக்கும் இடத்தில் 1 வர வேண்டும், அவ்வளவே. தொலைக் கணினியின் பொறுப்பாளர் அதைத் தடுத்து வைத்திருந்தால், திறக்கும்படி எழுத்து மூலம் கேட்போம். வேலையைத் தொடங்குமுன் கல்வி, கலவி, மனம், மணம், பிடி, பீடி, கொடு, கோடு என்று ஒரு சோதனை வரியைத் தட்டி, அந்த இணைப்பு வழியாகவே படித்துப் பார்ப்போம். இணைகள் பிரிந்து தெரியவில்லையானால் ஒப்பமிடக் கூடாது.

அடுத்த தொகுப்புக்குத் துறை ஆயத்தமானபோது அச்சோதனை வரியை ஒரு தாளில் எழுதித் தட்டச்சரிடம் கொடுத்தோம். அவர் அதைப் படித்துவிட்டு, "ஐயா, இதை அப்போதே செய்திருக்கலாமே" என்றார். செய்திருக்க வேண்டும்.