செம்பாட்டு நிலத்தின் பசி

யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண் இயற்கையாகவே வளம் மிகுந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். அஃது அத்துணை உண்மையன்று. சுண்ணாம்புக் கற்பாறையின்மேற் படிந்த அம்மண்ணைப் பொன் விளையும் தோட்டமாக்கியோர் நம் முன்னோர். பனையோலையும் பூவரசங் குழையும் தாழ்த்தினர். இரவில் ஆடுமாடுகளைப் பட்டியடைத்தனர். சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதனர். மண்ணிற் கொண்டதை மண்ணுக்கு மீளக் கொடுத்தலே அவர்தம் கமத்தொழிலின் உயிர்நிலை.

இன்று அக்கொடை அருகிவிட்டது. போகத்துக்குப் போகம் இடப்படும் செயற்கைப் பசளை பயிரை ஊட்டும்; மண்ணை ஊட்டாது. உக்கல் குறைந்த மண் நீரையும் பசளையையும் பிடித்துவைக்க மாட்டாது. எஞ்சும் நைத்திரேற்று கற்பாறை வெடிப்புகளினூடே கிணற்றை அடைகிறது. குடிநீரில் அஃது இலீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாதென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. நம் தோட்டக் கிணறுகள் பல அவ்வரம்பை மீறியிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அந்நீர் பெருங்கேடு.

அவ்வாறாயின் செயற்கைப் பசளையை ஒரே நாளில் விலக்கிவிடலாமோ? 2021 மே மாதத்தில் அரசு அதன் இறக்குமதியைத் தடை செய்தது, விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீங்கியது. பல்லாண்டு பட்டினி கிடந்த மண் ஒரு போகத்தில் தேறாது. இயற்கை எருவைப் பெருக்கியவாறே செயற்கைப் பசளையைப் படிப்படியாகக் குறைத்தலே அறிவுடைமை.

இதன்பொருட்டுக் கமக்காரனை மட்டும் நோவது முறையன்று. தோட்டக் காணிகள் பல குத்தகையில் உள்ளன. அடுத்த ஆண்டே கைமாறக்கூடிய காணியில், பின்னர்ப் பயன்தரும் எருவை எவன் இடுவான்? காணியுடையோருட் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். அவருள் நம் கல்லூரிப் பழைய மாணவரும் உளர் என்பதை ஈண்டு மறைத்தற்கில்லை. அன்னோரை நாம் வேண்டுவது பெரும்பொருளன்று. குத்தகையை ஐந்தாண்டுக்கு எழுதிக்கொடுங்கள். ஆண்டுக்கொருமுறை சணலோ பிறிதொரு பசுந்தாட் பயிரோ விதைத்து உழவேண்டுமென நிபந்தனை சேருங்கள். அதற்கென நிலம் கிடக்கும் இரண்டு மாதக் குத்தகைப் பணத்தை விட்டுக்கொடுங்கள். சணலின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் வளியிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்த்துத் தம் கடமையைச் செய்யும்.

புகையிலையும் வெங்காயமும் விற்ற பணமே நம்முட் பலருக்குக் கல்விச் செலவாயிற்று. கல்லூரிக்கு மண்டபம் எழுப்பி நன்றி செலுத்துகிறோம். அச்செலவைத் தாங்கிய மண்ணுக்கும் நம் கடனை இறுப்போமாக.